பதினோராம் பக்கத்துப் படம்

மூன்றாவது பேப்பரைத் திருத்தும்போது ஆனி ரோஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துத்தான் பிறகு இரண்டு மாதம் தன்னையே கரித்துக்கொட்டினாள்.

பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பேப்பர் திருத்தும் முகாம். ஏப்ரல் மாத வெயில். ஹாலில் நாலு ஃபேன் சுற்றியது, காற்றைத்தான் காணோம். காலையில் பன்னிரண்டு பேப்பர், மத்தியானம் பன்னிரண்டு. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வருகிற பேப்பரெல்லாம் வேறு ஏதோ மாவட்டத்துப் பிள்ளைகளுடையது. பேர் இருக்காது, ஊர் இருக்காது, வெறும் நம்பர்தான்.

ஐந்து மார்க் கேள்வி ஒன்று வந்திருந்தது. மின்தடைகளின் தொடர் இணைப்பையும் பக்க இணைப்பையும் படம் வரைந்து விளக்க வேண்டும். ஒரே கம்பியில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகக் கோத்தால் தொடர் இணைப்பு. கம்பியைப் பிரித்து, வீட்டில் லைட்டும் ஃபேனும் தனித்தனியாக வேலை செய்கிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தால் பக்க இணைப்பு. சங்கதி இவ்வளவுதான். அந்தப் பிள்ளை தொடர் இணைப்பு என்று தலைப்புப் போட்டு, அடிக்கோடும் இழுத்து, கீழே பக்க இணைப்பின் படத்தை வரைந்திருந்தது. பக்க இணைப்பு என்ற தலைப்பின் கீழே தொடர் இணைப்பு. இரண்டும் இடம் மாறி ஜம்மென்று உட்கார்ந்திருந்தன.

"இங்க பாருங்களேன்," என்று பக்கத்து நாற்காலி வளர்மதி டீச்சரிடம் காட்டினாள். வளர்மதிக்கு வேப்பந்தட்டைப் பக்கம் பள்ளிக்கூடம். "எந்த மகராசன் சொல்லிக்குடுத்தானோ. புள்ள பாவம், ஸ்கேல் வச்சுப் போட்டிருக்கு. வாத்தியாரைத்தான் முட்டி போட வைக்கணும்."

வளர்மதியும் சிரித்தாள். படத்துக்கு இரண்டு மார்க், சூத்திரத்துக்கு மூன்று என்று விடைக்குறிப்பில் இருந்தது. படத்துக்கு முட்டை போட்டுவிட்டு ஆனி ரோஸ் அடுத்த பேப்பரை எடுத்தாள்.

ஐந்தாவது பேப்பரிலும் அதே கூத்து. ஒரே பள்ளிக்கூடத்துக் கட்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஏழாவது பேப்பரில் அதே படம், படத்துக்குக் கீழே ஒரு வரி. 'வழி ஒன்று, ஓட்டம் ஒன்று. வழி இரண்டு, அழுத்தம் ஒன்று.'

சிவப்புப் பேனா அப்படியே நின்றது. அந்த வரி எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னால் அரியலூரில், தன் வீட்டுச் சமையல்கட்டில், குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே அவள் எழுதிய வரி அது.

மெல்லக் கற்போர் என்று பள்ளிக்கூடங்களில் ஒரு கூட்டம் உண்டு. அரையாண்டில் பாஸ் மார்க் வாங்காத பிள்ளைகளைப் பிரித்துத் தனி ரூமில் உட்கார வைத்து அந்தப் பேரைச் சூட்டிவிடுவார்கள். சூட்டிய நாளிலிருந்து அந்தப் பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டு அதற்குத் தக்க மாதிரிதான் நடப்பார்கள். அவர்கள் எழுத்துத் தேர்வில் எழுபதுக்குப் பதினைந்து எடுத்துவிட்டால் போதும். செய்முறை மார்க்கும் மற்றதும் சேர்ந்து கரையேற்றிவிடும். வெறும் பதினைந்து மார்க்குக்கு இரண்டு தடிப் புத்தகம் எதற்கு என்றுதான் ஆனி ரோஸ் பழைய கேள்வித்தாள்களையெல்லாம் சலித்து, எது அடிக்கடி வருகிறது என்று பார்த்து, இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு மெட்டீரியல் போட்டாள். மீன்சுருட்டிப் பக்கத்தில் அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் இயற்பியலில் ஒருத்தர் பாக்கியில்லாமல் பாஸ். சும்மா சொல்லக்கூடாது, உழைப்பு அவளுடையதுதான்.

படங்களை அவள் துண்டுக் காகிதத்தில் வரைந்து அரியலூர் டி.டி.பி. கடைக்காரர் தமிழ்மாறனிடம் கொடுத்திருந்தாள். எது எந்தப் படம் என்று துண்டில் எழுதவில்லை. பதினோராம் பக்கத்தில் அவர் தன் இஷ்டத்துக்கு ஒட்டினார். புரூஃப் வந்தபோது உட்கார்ந்து பதினேழு எழுத்துப்பிழை கண்டுபிடித்தாள் மகராசி. படத்தின் மேல் கண் போகவே இல்லை.

போகட்டும், பிறகு நாலு வருஷமாகவா தெரியவில்லை என்றால், தெரியவில்லைதான். அந்தப் படத்தைப் பிள்ளைகளைப் பத்துப் பத்துத் தடவை போட்டுவரச் சொல்லி, நோட்டு நோட்டாக டிக் அடித்தவள் அவளே. மெட்டீரியலில் இருப்பதும் நோட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பாள், டிக் விழும். பேட்டரியும் கம்பியும் மின்தடைப் பெட்டியும் லேப் பீரோவுக்குள் கிடந்தன. செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம்தான் பீரோ திறக்கும். 'மெல்லக் கற்போர் பாடப் புத்தகத்தைத் தொட வேண்டாம், குழப்பிவிடும்' என்று மெட்டீரியலின் முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தாள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தைப் படித்தார்கள், அவர்கள் மெட்டீரியலைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பி.டி.எஃப். ஆக அது வாட்ஸ்அப்பில் கிளம்பிப் போனது. எந்தெந்த ஊருக்கோ போனது. முகம் தெரியாதவர்களெல்லாம், "ஆனி ரோஸ் மேடமா, உங்களாலதான் எங்க ஸ்கூல் ரிசல்ட்டே" என்று போன் பண்ணினார்கள். அவளும் கொஞ்சம் பூரித்துத்தான் போயிருந்தாள். முன்னெல்லாம் அடிக்கடி வந்த அந்த இணைப்புக் கேள்வி, மெட்டீரியல் போட்ட பிறகு ஒருமுறையும் பரீட்சையில் வரவில்லை. இந்த வருஷம் வந்தது.

ஏழாவது பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அதை எழுதிய பிள்ளை மறந்துபோய் பூங்குழலியின் முகம் வந்து நின்றது.

பூங்குழலி அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. பதினோராம் வகுப்பு முடித்ததும் படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டவள். அம்மா சின்னம்மாள் கடலைக் காட்டில் கூலி வேலை. ஆனி ரோஸ்தான் சின்னம்மாளைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் வரைக்கும் போய், கம்பெனி ஹாஸ்டல் வாசலில் இரண்டு மணி நேரம் நின்று, பிள்ளையைத் திரும்பக் கூட்டி வந்தாள். திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற நர்சிங் பள்ளியில் தன் சித்தி மூலமாக ஒரு இடமும் பேசி வைத்திருந்தாள். ஜூன் பத்தாம் தேதிக்குள் பாஸ் பண்ணிய மார்க் ஷீட் வேண்டும், ஒரு நாள் தள்ளினாலும் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்று சித்தி முன்னாலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் ஏறாது டீச்சர்," என்று பூங்குழலி அப்போதே சொன்னாள். ஒரு வருஷம் விட்டுப் போனதில் மற்ற பாடமெல்லாம் எப்படியோ ஒட்டிக்கொண்டது, இயற்பியல் மட்டும் பிடிபடவில்லை.

"ஏற வேண்டாம்டி. இந்த இருபத்திரண்டு பக்கத்த அப்படியே முழுங்கு. உன் மூளைய இதுல நுழைக்காத. பாஸ் பண்ண வைக்கிறது என் பொறுப்பு."

பரீட்சையன்று வெளியே வந்த பிள்ளை ஓடிவந்து, "டீச்சர், பதினோராம் பக்கம் வந்துடுச்சு" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஆனி ரோஸ் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பிள்ளையின் பேப்பரும் இப்போது எங்கேயோ ஒரு ஊரில், இப்படி ஒரு ஹாலில் கிடக்கும். எவளோ ஒரு டீச்சர் பக்கத்து நாற்காலியில் காட்டிச் சிரித்துக்கொண்டிருப்பாள். இதை நினைத்ததும் ஆனி ரோஸ் எழுந்து நேரே முதன்மைத் தேர்வாளரிடம் போனாள்.

முதன்மைத் தேர்வாளர் கிருஷ்ணமூர்த்தி சாருக்கு ரிட்டயர்மெண்டுக்கு இரண்டு வருஷம் இருந்தது. மனுஷன் கண்டிப்பு. அரை மார்க்குக்கும் காரணம் கேட்பார்.

"சார், இந்தப் படம் மாறின பேப்பருக்கெல்லாம் மார்க் போடணும் சார்."

"ஏம்மா?"

"புள்ளைங்க மேல தப்பில்ல. அவங்க படிச்ச மெட்டீரியல்ல அப்படித்தான் இருக்கு. அத எழுதினது நான்."

கிருஷ்ணமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். "எது, அந்த இருபத்திரண்டு பக்கமா?"

"ஆமா சார்."

பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். "எங்க பள்ளிக்கூடத்துல அறுபது காப்பி போட்டுக் குடுத்தோம்," என்றார் மெதுவாக. "நாந்தான் குடுத்தேன். மூணு வருஷமா."

"நீங்களும் பாக்கலையா சார்?"

"பாத்தேன். எழுத்துப்பிழை இல்லாம அருமையா இருக்குன்னு ஸ்டாஃப் ரூம்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்."

பின்னாலேயே வந்து நின்ற வளர்மதி, "எங்களுதும் அதான் சார்," என்றாள். அந்த மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முப்பது வருஷம் பாடம் எடுத்தவரும் அதில் உண்டு. ஐந்து பேர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ஐந்து பேரும் கொடுத்திருக்கிறார்கள், ஒருத்தருக்கும் தெரியவில்லை. தொடரும் பக்கமும் தெரியாத ஆட்களா இவர்கள்? வீட்டில் ஃபியூஸ் போனால் அவர்களே ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டுவார்கள். பள்ளிக்கூடத்துக்குள் வந்ததும் அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள், அதை என்னத்தைச் சொல்ல.

"நான் லெட்டர் எழுதித் தரேன் சார். தப்பு என்னுதுன்னு கையெழுத்துப் போட்டுத் தரேன். எல்லா முகாமுக்கும் சொல்லச் சொல்லுங்க. படம் மாறியிருந்தாலும் மார்க் குடுக்கச் சொல்லி."

"யோசிச்சுக்கம்மா. மெமோ வரும். பேரு நாறிடும்."

"நாறட்டும் சார்."

அங்கேயே நின்று எழுதினாள். தேதியை இரண்டு தரம் அடித்துத் திருத்தினாள். கிருஷ்ணமூர்த்தி அதை எடுத்துக்கொண்டு முகாம் அலுவலரிடம் போனார், ஒரு மணி நேரம் கழித்துக் கடிதத்தோடேயே திரும்பி வந்தார். தனிப்பட்ட ஒருத்தர் போட்ட மெட்டீரியலில் தப்பு இருந்தால் அதற்காக விடைக்குறிப்பை மாற்ற முடியாது என்று பதில். "தப்பான படத்துக்கு எப்படிம்மா மார்க் போடுறதுன்னு கேக்குறாரு. நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றார். கேட்டவர் கேட்டதிலும் தப்பில்லை, அதுதான் கொடுமை.

மத்தியானம் ஒரு பேப்பர். எல்லாம் கூட்டினால் பதினான்கு. படம் மாறியிருந்தது. ஆனி ரோஸ் ஒரு மார்க் போட்டுப் பதினைந்து ஆக்கினாள். சரிபார்க்கிற மேஜையிலிருந்து அது திரும்பி வந்தது. கிருஷ்ணமூர்த்தி அவள் முகத்தைப் பார்க்காமல் அந்த ஒன்றை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மற்ற பேப்பர்களில் அவள் தன் கையாலேயே முட்டை போட்டாள். முகாம் முடிகிறவரைக்கும் போட்டாள். எண்ணக்கூடாது என்று நினைத்தும் எண்ணினாள், நாற்பத்தொன்று.

தப்பு தெரிந்த அன்று சாயங்காலமே அரியலூர் பஸ்ஸில் உட்கார்ந்து எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் செய்தி போட்டாள். 'என் மெட்டீரியல் பதினோராம் பக்கத்தில் இரண்டு படங்களும் மாறியுள்ளன. மன்னிக்கவும்.' பஸ் குன்னம் தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. கும்பிடு பொம்மை பதினெட்டு. 'நன்றி மேடம்' ஆறு. 'அடுத்த பதிப்பு எப்போது மேடம், எங்க ஸ்கூலுக்கு எண்பது காப்பி வேணும்' என்று ஒருத்தர். போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

பூங்குழலியிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. சூத்திரத்துக்கு மூன்று மார்க் வந்திருக்கும், ஒரு மார்க் கேள்விகள் கைகொடுத்திருக்கும், எப்படியும் பதினைந்து தேறும் என்று மனசுக்குள் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டாள். மே மாதம் வரைக்கும் அந்தக் கூட்டல்தான். வரதராஜன்பேட்டை மாதா கோயிலில் முழங்காலில் நின்றபோதும் அதே கூட்டல்.

ரிசல்ட் வந்தது. பூங்குழலிக்கு எழுபதுக்குப் பதின்மூன்று.

மெல்லக் கற்போர் ரூமில் இருந்த மற்ற பிள்ளைகளெல்லாம் தப்பித்துவிட்டார்கள். இருபதும் இருபத்திரண்டும் எடுத்தவர்களுக்கு இரண்டு மார்க் போனால் என்ன குறைந்துவிடும்? தலைமையாசிரியர், "ஒரு புள்ளையால நூறு சதவீதம் போச்சே டீச்சர்," என்று உச்சுக்கொட்டினார். ஆனி ரோஸ் திருச்சிச் சித்திக்குப் போன் பண்ணிக் கெஞ்சினாள். துணைத் தேர்வு எழுதி அந்த ரிசல்ட் வருவதற்குள் எல்லா இடமும் நிரம்பிவிடும் என்றார் சித்தி. அவர் என்ன செய்வார், சட்டம் அப்படி.

விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்தார்கள். கூட்டலில் விட்டுப் போயிருக்கும், ஏதாவது ஒரு பதிலைத் திருத்தாமல் விட்டிருப்பார்கள் என்று ஒரு நப்பாசை. நகல் வந்த அன்று ஜெயங்கொண்டத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் டீச்சரும் பூங்குழலியும் ஒரே நாற்காலியைப் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பூங்குழலி காலடியில் ஒரு பெரிய பை வைத்திருந்தாள். சாயங்காலம் ஐந்தரைக்குத் திருப்பூர் பஸ். சின்னம்மாள் கம்பெனிக்குச் சொல்லியனுப்பிவிட்டாள்.

ஆனி ரோஸ் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினாள். கூட்டல் சரியாக இருந்தது. எதுவும் விட்டுப் போகவில்லை. அந்த ஐந்து மார்க் கேள்வி வந்தது. தொடர் இணைப்பு என்று தலைப்பு. கீழே ஒரே கம்பியில் மூன்று மின்தடை வரிசையாக. பக்க இணைப்பு என்று தலைப்பு. கீழே கம்பி பிரிந்து மூன்று வழியாகப் போய்த் திரும்பச் சேருகிறது. இரண்டும் சரி. சுத்தமாகச் சரி. மார்க் போடாமல் விட்டுவிட்டார்கள், பிள்ளை தப்பித்தாள் என்று திரையை இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அப்போதுதான் கோடு தெரிந்தது. இரண்டு படத்தின் மேலும் குறுக்கே பேனாவால் ஒரு நீளக் கோடு. பூங்குழலியே ஸ்கேல் வைத்து அடித்திருந்தாள். கீழே மறுபடியும் தலைப்புப் போட்டு, பதினோராம் பக்கத்தில் இருக்கிற மாதிரியே மாற்றி வரைந்திருந்தாள். அடித்த பதிலுக்கு யாரும் மார்க் போடமாட்டார்கள். கீழே இருந்த படத்துக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு முட்டை.

"ஏண்டி அடிச்ச?" என்று கேட்டாள் ஆனி ரோஸ்.

"மொதல்ல நானா யோசிச்சுப் போட்டுட்டேன் டீச்சர். படம் சட்டுனு ஞாபகம் வரல." பூங்குழலி குற்றம் செய்தவள் மாதிரி குனிந்துகொண்டாள். "கம்பெனில எங்க லைன்ல இருபது மிஷினு. ஒண்ணு நின்னா மத்ததெல்லாம் ஓடிக்கிட்டேதான் இருக்கும். அப்ப ஒவ்வொண்ணுக்கும் கம்பி தனியா பிரிஞ்சு வந்தாத்தான ஓடும்னு நெனச்சு அப்படிப் போட்டேன். அப்புறம் நீங்க குடுத்த படம் ஞாபகம் வந்துச்சு. அது வேற மாதிரி இருந்துச்சு. நல்ல வேளைன்னு அடிச்சிட்டேன்."

பிரவுசிங் சென்டர்க்காரர், இன்னும் நேரம் ஆகுமா என்று கேட்டார். ஆனி ரோஸ் காதில் அது விழவில்லை.

"நீ மொதல்ல போட்டதுதான் சரி பூங்குழலி," என்றாள். "மெட்டீரியல்ல இருந்ததுதான் தப்பு. நான் பண்ணின தப்பு. ஏப்ரல்லயே எனக்குத் தெரியும், உங்கிட்ட சொல்லல."

திட்டுவாள், அழுவாள், எழுந்து போய்விடுவாள் என்று ஆனி ரோஸ் எதிர்பார்த்தாள். எதையாவது செய்துதொலைத்தால் தேவலை என்றிருந்தது. பூங்குழலி திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், கோட்டுக்கு அடியில் இருந்த தன் படத்தைப் பார்த்தாள். கம்பி பிரிகிற இடத்திலிருந்து சேருகிற இடம் வரைக்கும் விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப எனக்குத் தெரிஞ்சிருந்துச்சா டீச்சர்?"

ஆனி ரோஸ் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். மணி ஐந்து இருபது. பூங்குழலி குனிந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன் டீச்சர்," என்றாள்.